மால்டா: சமையலறையிலிருந்து நீதிமன்றத்துக்கு வந்த மொழி

என்னோடு படித்த ஒருவன் மால்டாவில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது, அவனுடைய அம்மா “மாலத்தீவா?” என்று கேட்டார். இல்லை, மால்டா. அது இந்தியப் பெருங்கடல், இது மத்தியதரைக் கடல். உலக வரைபடத்தில் இத்தாலியை ஒரு பூட்ஸ் மாதிரி வரைந்திருப்பார்கள் இல்லையா, அந்த பூட்ஸ் உதைக்கிற பந்துபோல் இருப்பது சிசிலி. அதற்குக் கீழே, சிசிலிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில், அச்சுப்பிழையில் விழுந்த புள்ளி மாதிரி ஒன்று இருக்கும். அதுதான் மால்டா.

எவ்வளவு சின்னது? மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். நான் அகரத்துக்காரன், எனக்கு எதையும் திண்டுக்கல்லை வைத்து அளந்தால்தான் பிடிபடும். மால்டா தீவின் நீளம் 27 கிலோமீட்டர். அதாவது திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் போகிற தூரம்கூட இல்லை. பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் நாடு முடிந்து கடல் வந்துவிடும். நம் திண்டுக்கல் மாவட்டத்துக்குள் ஏறத்தாழ இருபது மால்டாக்களை அடுக்கலாம். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே இருப்பவர்கள் ஐந்து லட்சத்து இருபதாயிரம் பேருக்குச் சற்றுக் குறைவு. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் மக்கள்தொகை 21 லட்சத்துக்கு மேல். அங்கே ஆறு கிடையாது. நம்மூர்க் குடகனாறு வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடந்தாலும் ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒரு தடமாவது இருக்கிறது. மால்டாவில் அதுவும் இல்லை. குடிநீரில் பாதிக்கும் மேல் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் எடுக்கிறார்கள்.

இந்த நாட்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது என்னை நிறுத்தியது இதெல்லாம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளில் ஒன்று மால்டீஸ். ஐந்து லட்சம் பேர் பேசுகிற மொழி. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அதற்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு. ஒன்றியத்தின் சட்டங்கள் அதில் வெளியாகின்றன. பல மடங்கு அதிகம் பேர் பேசுகிற கட்டலான் மொழிக்கு அந்த இடம் இல்லை. இத்தனைக்கும் நூறு வருஷத்துக்கு முன்னால் மால்டாவின் படித்தவர்களே அதைச் “சமையலறை மொழி” என்றுதான் சொன்னார்கள். வேலைக்காரியிடம் பேசலாம், கோர்ட்டில் பேச முடியாது.

சமையலறைக்கும் கோர்ட்டுக்கும் நடுவே அந்த மொழி நடந்த தூரம்தான் இந்தக் கட்டுரை.

பழமை மட்டும் போதாது

நம் பக்கத்தில் ஒரு மொழியின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தால் முதலில் அதன் வயதைச் சொல்வோம். மால்டாவுக்கும் வயது இருக்கிறது, பயங்கரமாக இருக்கிறது. கோஸோ என்கிற அதன் இரண்டாவது தீவில் ஜ்கந்தீயா என்று ஒரு கோயில் தொகுதி. பொதுயுகத்துக்கு முன் 3600 வாக்கில் கட்டப்பட்டது. எகிப்தின் பிரமிடுகளுக்கு முந்தியது. சக்கரமோ உலோகக் கருவியோ இல்லாத காலத்தில் அவ்வளவு பெரிய கற்களை எப்படி நகர்த்தினார்கள் என்பதை இன்னும் விவாதிக்கிறார்கள். இராட்சசி ஒருத்தி தூக்கி வந்து வைத்தாள் என்பது ஊர்க்கதை. கோயிலின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1902-ல் வீடு கட்டுவதற்காகப் பாறையில் தண்ணீர்த்தொட்டி வெட்டியவர்கள் ஒரு நிலத்தடி அறைக்குள் இறங்கிவிட்டார்கள். மூன்றடுக்காகப் பாறையைக் குடைந்து செய்த இடுகாடு அது.

ஆனால் இதைக் கட்டியவர்கள் பொதுயுகத்துக்கு முன் 2500 வாக்கில் தடயமில்லாமல் போய்விட்டார்கள். என்ன மொழி பேசினார்கள், தெரியாது. எழுத்து எதையும் விட்டுப்போகவில்லை. கல் நின்றது, சொல் நிற்கவில்லை.

அடுத்து ஃபினீசியர்கள் வந்தார்கள். இன்றைய லெபனான் கரையிலிருந்து கப்பலில் வியாபாரம் செய்தவர்கள். கிரேக்க எழுத்துக்கும், அதன் வழியாக ரோம எழுத்துக்கும் தாய் அவர்களுடைய எழுத்து. அவர்கள் மால்டாவில் விட்டுச்சென்ற இரண்டு பளிங்குத் தூண்கள் 17-ஆம் நூற்றாண்டில் வெளிச்சத்துக்கு வந்தன. ஒரே செய்தி ஃபினீசியத்திலும் கிரேக்கத்திலும் வெட்டப்பட்டிருந்தது. கிரேக்கம் தெரியும் என்பதால், அதைச் சாவியாக வைத்து 1758-ல் பார்த்தெலெமி என்ற பிரெஞ்சு அறிஞர் ஃபினீசிய எழுத்தைப் படித்துவிட்டார். சிந்துவெளி எழுத்துக்கு இப்படி ஓர் இருமொழிக் கல் கிடைக்காதா என்று நம் ஆய்வாளர்கள் ஏங்குகிறார்களே, அந்த மாதிரிக் கல். அதில் ஒன்றை 1782-ல் மால்டாவின் ஆட்சியாளர் பிரெஞ்சு மன்னருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். இப்போது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சின்ன நாடுகளின் பொக்கிஷங்கள் இப்படித்தான் பெரிய நாடுகளின் வரவேற்பறைக்குப் போகின்றன.

ரோமர்கள் ஆண்ட காலத்தில் புனித பவுல் பயணம் செய்த கப்பல் மால்டாவில் உடைந்தது என்று பைபிளின் அப்போஸ்தலர் பணி நூல் சொல்கிறது. கரையேறியவர்களுக்குத் தீ மூட்டிக் கொடுத்துக் கரிசனமாக நடந்துகொண்ட ஊர்க்காரர்களைக் கிரேக்க மூலம் “பார்பரோய்” என்கிறது. காட்டுமிராண்டி என்று திட்டுவதற்காக அல்ல, கிரேக்கம் பேசாதவர்கள் என்ற பொருளில். மால்டாக்காரர்களின் பேச்சைப் பற்றி வெளியார் எழுதிய பழைய குறிப்புகளில் ஒன்று இது. புரியாத மொழி பேசுகிறவர்கள் என்பதே அதன் சாரம். பிறகு ரொம்ப காலத்துக்கு அந்த மதிப்பீடு மாறவேயில்லை.

அல்லாவைக் கும்பிடும் கத்தோலிக்கர்கள்

இன்றைய மால்டீஸ் ஃபினீசியர்களிடமிருந்து வந்தது என்று அங்கே ஒரு காலத்தில் ஆசையோடு நம்பினார்கள். அரபு மூலம் என்று ஒப்புக்கொள்ளக் கூச்சம். ஆனால் மொழியியல் சொல்வது வேறு. 870-ல் அரபுப் படைகள் தீவைப் பிடித்தன. அதன்பின் தீவு பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தது என்றும் 11-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் மறுபடி குடியேறினார்கள் என்றும் பிற்கால அரபு எழுத்தாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். எந்த அளவு வெறிச்சோடியது என்பதில் இன்றும் வாதம் உண்டு. ஆனால் அந்தக் குடியேற்றக்காரர்கள் கொண்டுவந்த சிசிலி அரபுதான் மால்டீஸின் வேர் என்பதில் வாதம் இல்லை.

பிறகு நார்மானியர்கள் வந்தார்கள். தீவு படிப்படியாகக் கத்தோலிக்கமானது. சமயம் மாறியது, மொழி மாறவில்லை. விளைவு விசித்திரமானது. மால்டாவின் தேவாலயத்தில் கத்தோலிக்கர்கள் “அல்லா” என்றுதான் கடவுளை அழைக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் பெயர் “ரன்தான்”. ரமலானேதான் அது. ஈஸ்டருக்கு அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே பெயர்த்தால் “பெரிய ஈத்”. புத்தகத்துக்கு “க்தீப்”. நம்மூர் மதரஸாவில் ஓதப் போகும் பையன் கையில் வைத்திருக்கும் கிதாபுதான்.

அகராதியைத் திறந்தால் பாதிக்கு மேல் இத்தாலிய, சிசிலியச் சொற்கள். சமீபத்தில் சேர்ந்த ஆங்கிலம் வேறு. ஆனால் இலக்கணமும் வீட்டில் புழங்கும் அடிப்படைச் சொற்களும் அரபு. தண்ணீர், ரொட்டி, வீடு எல்லாம் அரபு வேர். வக்கீலுக்கு மட்டும் இத்தாலியத்திலிருந்து “அவுக்காத்”. இதில் ஒரு வேடிக்கை: அரபு வேரில் முளைத்த மால்டீஸ் வக்கீலுக்கு ஐரோப்பியச் சொல் வைத்திருக்கிறது. திண்டுக்கல் கோர்ட்டு வாசலில் நாம் சொல்கிற “வக்கீல்” அரபு.

இந்த மொழியை எழுதுவது ரோம எழுத்தில். ரோம எழுத்தில் நிலைத்துவிட்ட, ஒரு நாட்டின் தேசிய மொழியாக இருக்கிற செமிட்டிய மொழி இது ஒன்றுதான்.

இதைப் படிக்கும்போது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அரபுத்தமிழ். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையின் கரையோரங்களிலும் தமிழ் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புதிய குறிகளைப் போட்டார்கள். சமய நூல்கள், மருத்துவக் குறிப்புகள், பெண்கள் வீட்டில் படிக்கும் புத்தகங்கள் என்று ஒரு முழு உலகமே அதில் இருந்தது. மால்டாவில் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். அங்கே அரபு ஒலிகளுக்காக ரோம எழுத்தின் மேல் புள்ளியும் குறுக்குக் கோடும் போட்டார்கள். தொண்டையில் வரும் ஹகரத்துக்கு ரோம எச் எழுத்தின் தண்டில் ஒரு கோடு. இரண்டிலும் ஒலி ஓர் உலகத்தைச் சேர்ந்தது, எழுத்து இன்னோர் உலகத்தைச் சேர்ந்தது. இன்று அரபுத்தமிழைப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். மால்டீஸுக்கு ஒரு நாடு கிடைத்தது. என்ன வித்தியாசம் என்ற கேள்வியை இங்கேயே வைத்துவிட்டு மேலே போவோம்.

திப்புவுக்குப் போகும் வழியில்

1530-ல் ஸ்பெயின் மன்னராகவும் இருந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இந்தத் தீவை ஒரு வீரத்துறவியர் சபைக்குக் கொடுத்தார். புனித யோவான் சபையினர். ஜெருசலேமில் மருத்துவமனை நடத்த ஆரம்பித்து, பிறகு வாளேந்தியவர்கள். வருட வாடகை ஒரே ஒரு வல்லூறு. தீவில் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1551-ல் துருக்கிய, வட ஆப்பிரிக்கக் கப்பற்படை கோஸோவில் இறங்கி ஏறத்தாழ ஐயாயிரம் பேரை அடிமைகளாகப் பிடித்துப் போனது. அந்தத் தீவே காலியானது. 1565-ல் ஒட்டோமான் படை நான்கு மாதம் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. மறுவருடம் சபையினர் வலெட்டா என்ற புதிய கோட்டை நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதுதான் இன்றைய தலைநகரம்.

நம்ம மலைக்கோட்டைக்கும் இந்தக் கதையோடு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. திண்டுக்கல் பாறைமேல் மதுரை நாயக்கர்கள் 1605-ல் எழுப்பத் தொடங்கிய கோட்டை பின்னால் ஹைதர் அலி கைக்கும் திப்பு கைக்கும் போனது. 1790-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு திண்டுக்கல்லை எழுதிக்கொடுத்தார். ஆறு வருடம் கழித்து, 1798 ஜூனில், நெப்போலியன் எகிப்துக்குப் போகும் வழியில் மால்டாவில் இறங்கினார். வீரத்துறவியர் சபை பெரிதாகச் சண்டை போடாமல் சரணடைந்தது. எகிப்தைப் பிடித்து ஆங்கிலேயரின் இந்திய வழியை அறுப்பது பிரெஞ்சுத் திட்டம். 1799 ஜனவரியில் நெப்போலியன் கெய்ரோவிலிருந்து திப்புவுக்குக் கடிதமே எழுதினார். அது ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அந்த மே மாதம் திப்பு கொல்லப்பட்டார். பிரெஞ்சுக்காரனும் திப்புவும் கைகோத்துவிடுவார்கள் என்ற பயம்தான் அந்தப் போரை அவசரப்படுத்தியது.

அதே மாதங்களில் மால்டாவில் வேறொன்று நடந்தது. தேவாலய வெள்ளியை எல்லாம் உருக்கி எடுத்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள் மீது 1798 செப்டம்பர் 2 அன்று விவசாயிகள் பாய்ந்தார்கள். பிரெஞ்சுப் படை வலெட்டா மதிலுக்குள் ஓடிக் கதவடைத்தது. வெளியே மால்டாக்காரர்கள், கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள். இரண்டு வருடம். 1800 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் பசியில் சரணடைந்தபோது கோட்டைச் சாவி ஆங்கிலேயர் கைக்குப் போனது. சண்டை போட்ட விவசாயிகள் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை. நம் பக்கத்தில் அதே காலத்தில் விருப்பாச்சி கோபால் நாயக்கர் திண்டுக்கல் பாளையக்காரர்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். 1801-ல் தூக்கிலிடப்பட்டார். ஒரே பேரரசு, ஒரே சில வருடங்கள், இரண்டு பாறைக்கோட்டைகள். ஓர் இடத்தில் எதிரியாக வந்தார்கள், இன்னோர் இடத்தில் நண்பனாக வந்தார்கள். இரண்டு இடத்திலும் அப்படியே தங்கிவிட்டார்கள்.

ஜெயிலில் இருந்த அகராதிக்காரர்

இந்தக் கலவரக் காலத்து மனிதர்தான் மிகியேல் அன்டன் வசல்லி. 1764-ல் செப்புஜ் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1796-ல் ரோமில் மால்டீஸ் அகராதி ஒன்றை வெளியிட்டார். அதற்கு எழுதிய நீண்ட முன்னுரையை “மால்டா தேசத்துக்கு” என்று விளித்துத் தொடங்கினார். தேசம் என்ற ஒன்று இருப்பதாகவே அப்போது யாரும் நினைத்திருக்கவில்லை. அதைவிட வேடிக்கை, அந்த முன்னுரையை அவர் இத்தாலியத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. மால்டீஸில் எழுதினால் படிக்கப் பழகியவர்கள் இல்லை.

மறுவருடமே சபையினரின் ஆட்சிக்கு எதிரான சதியில் சேர்ந்ததாகச் சிறையில் அடைக்கப்பட்டார். பிரெஞ்சுக்காரர்கள் வந்து விடுவித்தார்கள். ஆங்கிலேயர் வந்து, பிரெஞ்சு ஆதரவாளர் என்று நாடுகடத்தினார்கள். இருபது வருடம் போல் வெளியே அலைந்து திரும்பிய பிறகு, 1825-ல் மால்டாப் பல்கலைக்கழகத்தில் மால்டீஸ் மொழியின் முதல் பேராசிரியர் ஆனார். புராட்டஸ்டண்ட் மிஷனரிகளுக்காக நற்செய்தி நூல்களை மால்டீஸில் பெயர்த்தார். 1829-ல் இறந்தபோது கத்தோலிக்கக் கல்லறையில் இடம் கிடைக்கவில்லை. புராட்டஸ்டண்டுகளின் கல்லறையில் புதைத்தார்கள்.

இங்கே நம் வீரமாமுனிவரை நினைக்காமல் இருக்க முடியாது. இத்தாலியில் 1680-ல் பிறந்த பெஸ்கி. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்திலேயே தெளிவாகக் காட்டும் முறையைக் கொண்டுவந்தவர். 1732-ல் சதுரகராதி செய்தவர். அவர் கைவைத்தபோது தமிழுக்கு ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கும் மேலான இலக்கிய மரபு இருந்தது. தொல்காப்பியம் இருந்தது. அவர் செய்தது ஓடிக்கொண்டிருந்த ஆற்றில் ஒரு மதகு கட்டிய வேலை. வசல்லிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருக்கு முன்னால் எழுத்து முறையே முடிவாகவில்லை. அகரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

அவருக்குத் தெரியாத ஒன்று: மால்டீஸில் ஒரு பழைய கவிதை இருந்தது. 15-ஆம் நூற்றாண்டின் பியெட்ரு கஷாரோ எழுதியது. இடிந்துபோன வீட்டைப் பற்றிய புலம்பல். இருபதே வரி. ஒரு நோட்டரியின் பழைய பத்திரப் பதிவேட்டில், பின்பக்கத்தில், எழுதப்பட்டிருந்தது. 1966-ல்தான் ஆய்வாளர்கள் இருவர் கண்ணில் பட்டது. உ.வே.சா. ஏடு தேடி அலைந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் அருமை புரியும். ஆனால் அளவைப் பாருங்கள். நமக்குக் கிடைத்தது சங்க இலக்கியம். அவர்களுக்குக் கிடைத்தது இருபது வரி. அந்த இருபது வரி கிடைப்பதற்கு முன்பே அவர்கள் மொழிக்குச் சட்டப்படி இடம் வாங்கியிருந்தார்கள். எனக்கு இந்த வரிசைதான் முக்கியமாகப் படுகிறது. பழம்பெருமை முதலில் வந்து, அதனால் உரிமை கிடைத்தது என்று நடக்கவில்லை. உரிமை வந்தது, பெருமை அப்புறம் கிடைத்தது.

ரொட்டி விலை, கோர்ட்டு மொழி

ஆங்கிலேயருக்கு மால்டா ஒரு கப்பல் பட்டறை. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் இந்தியாவுக்குப் போகும் வழியில் அது ஒரு முக்கியமான நிறுத்தமானது. 1878-ல் ருஷ்யாவை மிரட்டுவதற்காகப் பிரதமர் டிஸ்ரேலி ஏறத்தாழ ஏழாயிரம் இந்திய வீரர்களை மால்டாவுக்கு வரவழைத்தார். பஞ்சாபிகள், கூர்க்காக்கள், பம்பாய்ப் படைகளோடு மதராஸ் காலாட்படைப் பிரிவு ஒன்றும் மதராஸ் சாப்பர்களும் அதில் இருந்தார்கள். தமிழும் தெலுங்கும் பேசிய அந்த மனிதர்கள் மால்டா வெயிலில் கூடாரம் போட்டிருந்தார்கள். சில வாரங்களில் ஒரு பகுதியினர் சைப்ரஸுக்கு அனுப்பப்பட்டார்கள். யாருடைய சண்டை என்று அவர்களுக்கும் தெரியாது, வேடிக்கை பார்த்த மால்டாக்காரர்களுக்கும் தெரியாது.

அங்கிருந்த ஆங்கிலேய வீரர்களைக் காய்ச்சல் வாட்டியது. நம்மூர்க் கால்நடை மருத்துவர்களுக்கும் தெரிந்த மால்டா காய்ச்சல். 1887-ல் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டார். அது ஆட்டுப்பாலில் வருகிறது என்று 1905-ல் கண்டுபிடித்தவர் மால்டாக்காரரான தெமிஸ்டொக்ளிஸ் ஸமித். டாக்டர், தொல்லியலாளர், அந்த நிலத்தடி இடுகாட்டை ஆராய்ந்தவர். மால்டீஸில் கதைகளும் எழுதினார். ஒரு சின்ன மொழியில் ஒரே ஆள் நாலு வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

1919 ஜூன் 7 அன்று ரொட்டி விலை ஏற்றத்துக்கு எதிராக வலெட்டாவில் கூட்டம் திரண்டது. ஆங்கிலேயத் துருப்புகள் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். ஜாலியன்வாலாபாக் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த நாள் இன்று மால்டாவின் தேசிய நாள்களில் ஒன்று.

இதற்குள் மொழிச் சண்டை பெரிதாகியிருந்தது. கோர்ட்டும் தேவாலயமும் படித்த வர்க்கமும் இத்தாலியத்தில் இயங்கின. ஆங்கிலேயர் இத்தாலியத்தைத் தள்ளிவிட்டு ஆங்கிலத்தை நுழைக்கப் பார்த்தார்கள். ஒரு பக்கம் இத்தாலியமே எங்கள் பண்பாடு என்ற தேசியவாதிகள். இன்னொரு பக்கம் ஆங்கில ஆதரவாளர்கள். யோசித்துப் பாருங்கள், ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவர்கள் இத்தாலியத்தின் பக்கம். சொந்த மொழி இரண்டு பக்கத்திலும் முதல் தேர்வு இல்லை. கட்டுமானத் தொழிலாளியும் கப்பல் பட்டறைக்காரனும் இத்தாலியத்தில் நடக்கும் வழக்கில், தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் கூண்டில் நின்றான்.

இடையில் சில எழுத்தாளர்கள் அமைதியாக ஒரு வேலை செய்தார்கள். 1920-ல் சங்கம் அமைத்து, 1924-ல் எழுத்துமுறையையும் இலக்கணத்தையும் தொகுத்து வெளியிட்டார்கள். வசல்லியின் அதே செப்புஜ் ஊரில் பிறந்த பாதிரியார் டுன் கார்ம், நாற்பது வயது வரை இத்தாலியத்தில் கவிதை எழுதியவர், 1912-ல் மால்டீஸுக்கு மாறினார். தேசிய கீதம் அவர் எழுதியது.

1934-ல் மால்டீஸ் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. கோர்ட்டு மொழியும் ஆனது. 1936-ல் இத்தாலியம் நீக்கப்பட்டது. இதில் கசப்பான உண்மை ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் மால்டீஸ் மேல் உள்ள காதலால் இதைச் செய்யவில்லை. முசோலினி மால்டாவை இத்தாலியின் பகுதி என்று உரிமை கொண்டாடினார். இத்தாலியத்தை வெட்ட ஒரு கத்தி வேண்டியிருந்தது. சமையலறையிலிருந்து அதை எடுத்தார்கள். ஆனால் கத்தி கைக்கு வந்தபோது அது தீட்டித் தயாராக இருந்தது. எழுத்துமுறை இருந்தது, இலக்கணம் இருந்தது, கவிஞர்கள் இருந்தார்கள். அந்தச் சங்கம் பத்து வருடம் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்திருக்காவிட்டால் அந்த இடம் முழுசாக ஆங்கிலத்துக்குப் போயிருக்கும்.

நம் பக்கம் 1938-ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, பெரியாரும் மறைமலையடிகளும் எதிர்த்து நின்றதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருட இடைவெளியில், ஒரே பேரரசின் இரண்டு மூலைகளில், மக்களின் மொழி எது, ஆட்சியின் மொழி எது என்ற ஒரே கேள்வி.

நாடு கிடைத்த பிறகு

இரண்டாம் உலகப்போரில் இத்தாலியும் ஜெர்மனியும் அந்தத் தீவின்மேல் இடைவிடாமல் குண்டு போட்டன. மக்கள் பாறைக் குகைகளில் வாழ்ந்தார்கள். 1942 ஆகஸ்டில் உணவும் எண்ணெயும் கொண்டுவந்த 14 சரக்குக் கப்பல்களில் ஐந்துதான் கரை சேர்ந்தன. அதற்கு நான்கு மாதம் முன்பே, ஏப்ரலில், பிரிட்டிஷ் மன்னர் தீவு முழுவதற்குமாக ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்திருந்தார். இன்றும் கொடியில் இருக்கிறது. 1964 செப்டம்பர் 21 அன்று விடுதலை, 1974-ல் குடியரசு. 1979 மார்ச் 31 அன்று கடைசி பிரிட்டிஷ் படைகள் வெளியேறின.

அரசமைப்பு மால்டீஸைத் தேசிய மொழி என்கிறது. மால்டீஸும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகள். 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது மால்டீஸும் கூடவே உள்ளே போனது. அயர்லாந்து 1973-லேயே சேர்ந்த நாடு. அதன் ஐரிஷ் மொழி ஒன்றியத்தின் ஆட்சிமொழியானது 2007-ல்தான். ஐந்து லட்சம் பேரில் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் போதாமல், முதல் மூன்று வருடம் எல்லாச் சட்டங்களையும் மால்டீஸில் வெளியிடுவதிலிருந்து விலக்கு வாங்க வேண்டியிருந்தது. ஆள் இல்லை என்று மொழியைக் கைவிடவில்லை. அவகாசம் கேட்டு, ஆளைத் தயார் செய்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு மால்டாவைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பல்கலைக்கழகப் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வசதியான வீடுகளில் குழந்தைகளிடம் ஆங்கிலம் பேசுகிறார்கள். ஊழலை விடாமல் எழுதிய பத்திரிகையாளர் டாஃப்னே கருவானா கலிசியா 2017 அக்டோபர் 16 அன்று கார் வெடிகுண்டில் கொல்லப்பட்டார். வழக்கின் அதிர்வில் பிரதமர் பதவி விலக நேர்ந்தது. அரசுதான் தண்டனை பயமற்ற சூழலை உருவாக்கியது என்று 2021-ல் பொது விசாரணை சொன்னது. காசு வாங்கிக்கொண்டு குடியுரிமை கொடுத்த திட்டத்தை 2025-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. 2021-ல் தீவில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டுக்காரர். நம்மவர்கள் கணிசம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக, பஸ் டிரைவராக, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர்களாக. அவர்களுக்கும் மால்டாக்காரர்களுக்கும் நடுவே ஓடுவது ஆங்கிலம்தான். “மால்டீஸ் ஒரு வார்த்தை தேவைப்படல மச்சி” என்கிறான் என் நண்பன். எனக்கு அது கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஒரு நாட்டில் வருடக்கணக்கில் வாழ அந்த நாட்டின் மொழி தேவைப்படாமல் போவது அந்த மொழிக்கு நல்ல சேதி இல்லை.

ஆனாலும் ஓர் இடத்தில் மால்டீஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. கோர்ட்டில். ஐந்து லட்சம் பேரின் மொழியில் வழக்கு நடக்கிறது, மேல்முறையீடு நடக்கிறது, தீர்ப்பு எழுதப்படுகிறது. நீதிபதி என்ன சொன்னார் என்று கூண்டில் நிற்பவனுக்குப் புரிகிறது.

நமக்கு எட்டுக் கோடி பேர். கீழ்க் கோர்ட்டுகளில் தமிழ் இருக்கிறது. உயர்நீதிமன்றத்திலும் வேண்டும் என்று 2006 டிசம்பரில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒப்புதல் வரவில்லை. மதுரைக் கிளையில் இன்றும் வழக்கு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அகரத்திலிருந்தோ தாடிக்கொம்பிலிருந்தோ நிலத் தகராறில் மேல்முறையீட்டுக்குப் போகிறவர், தன் நிலத்தைப் பற்றித் தனக்குப் புரியாத மொழியில் இரண்டு பேர் வாதாடுவதைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து வக்கீல் குமாஸ்தாவிடம் “என்னய்யா சொன்னாங்க?” என்று கேட்கிறார்.

அரபுத்தமிழுக்கும் மால்டீஸுக்கும் என்ன வித்தியாசம் என்று முன்னால் ஒரு கேள்வியை வைத்தேன். அரபுத்தமிழைப் படித்தவர்கள் அதை நேசிக்காமல் இல்லை. அதற்கு அலுவலகத்தில் மேசை இல்லை, கோர்ட்டில் நாற்காலி இல்லை. மால்டீஸுக்கு இருந்த காப்பியங்கள் குறைவு, வயது குறைவு, பேசுகிறவர்கள் குறைவு. நாற்காலி மட்டும் கிடைத்தது. கிடைக்கும் முன்பே சிலர் அதற்கான வேலையை முடித்து வைத்திருந்தார்கள். நம்மிடம் கலைச்சொல் அகராதிகள் இருக்கின்றன, சட்டம் படித்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், இரண்டாயிரம் வருட இலக்கியம் இருக்கிறது. மொழியின் வயதைக் கேட்டால் எழுந்து நின்று சொல்கிறோம். அந்தக் கூண்டில் நிற்கிறவருக்குத் தீர்ப்பு புரிகிறதா என்று யாராவது கேட்டால்தான் பதில் இல்லை.